ஜனாதிபதி காட்டில் படுத்த மூன்று இரவுகள்

விருந்து தயாராக இருந்தது.

நல்ல சமையல்காரரை வரவழைத்திருந்தார்கள். இரவில் வாண வேடிக்கைக்கும் ஏற்பாடு. விருந்தாளி தங்குவதற்காக ஓவியர் ஒருவரின் அழகான வீட்டைத் தயார் செய்து வைத்திருந்தார்கள். அவரைப் பார்க்க ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து காத்திருந்தார்கள்.

விருந்தாளி வந்தார். குதிரை மேல் வந்தார். இரண்டு இரவு காட்டில் படுத்த கோலம் அப்படியே இருந்தது. வீட்டுக்குள் சிறிது நேரம் இருந்தார். எல்லாருக்கும் நன்றி சொன்னார். மறுபடியும் குதிரை ஏறினார். போயே போய்விட்டார்!

அன்றிரவு அவர் படுத்தது ஓர் ஆற்றங்கரைப் புல்வெளியில்.

அவர் யார் தெரியுமா? அமெரிக்க நாட்டின் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட். 1903-ம் ஆண்டு மே மாதம் 17-ந் தேதி இது நடந்தது. இடம், கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள யோசெமிட்டி மலைப் பள்ளத்தாக்கு.

மாளிகையை விட்டு மண்ணில் படுக்க ஜனாதிபதிக்கு என்ன ஆசை? அந்த மூன்று இரவுகளால் நாட்டுக்கு என்ன லாபம்? சுவையான கதை அது.

ஒரு கடிதம்

1903-ம் ஆண்டு ரூஸ்வெல்ட் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் நீண்ட சுற்றுப்பயணம் புறப்பட்டார். ஊருக்கு ஊர் வரவேற்பு. கூட்டத்துக்குக் கூட்டம் பேச்சு. மாலை, மேளம், விருந்து. எவ்வளவு நாள்தான் தாங்க முடியும்?

புறப்படுவதற்கு முன்பே அவர் ஒரு கடிதம் எழுதினார். யோசெமிட்டிக்கு வரும்போது உங்களைத் தவிர வேறு யாரும் என்னுடன் வேண்டாம். நான்கு நாள் அரசியலை அடியோடு மறந்து, வெட்டவெளியில் உங்களோடு இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து.

கடிதம் போன இடம் ஒரு மந்திரி வீடு அல்ல. பணக்காரர் வீடும் அல்ல. ஜான் மியூர் என்ற மலைப்பித்தரின் வீடு.

மியூர் அப்போது வெளிநாட்டுப் பயணத்துக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்தார். பல தேசங்களின் காடுகளைப் பார்த்து வரத் திட்டம். ஜனாதிபதியின் கடிதம் கண்டதும் பயணத்தைத் தள்ளிப் போட்டார். தனியாக ஜனாதிபதியிடம் பேச நேரம் கிடைக்கிறது. காடுகளுக்காக வாதாட இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா?

இருவரும் இரு துருவம்

ரூஸ்வெல்ட்டுக்கு அப்போது 44 வயது. பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை. குழந்தையில் ஆஸ்துமா நோயால் மூச்சுவிடத் தவித்தவர். விடாமல் உடற்பயிற்சி செய்து உடம்பைத் தேற்றிக் கொண்டார்.

1884-ம் ஆண்டு பிப்ரவரி 14-ந் தேதி அவர் தலையில் இடி விழுந்தது. ஒரே நாளில், ஒரே வீட்டில், தாயும் இறந்தார், மனைவியும் இறந்தார். அந்தத் துக்கத்தோடு அவர் டகோட்டா என்ற வறண்ட பிரதேசத்துக்குப் போனார். மாட்டுப் பண்ணை வைத்தார். நாள் முழுவதும் குதிரை மேல் இருந்தார். குதிரையும் வெட்டவெளியும் அவரை மறுபடியும் மனிதராக்கின. பின்னாளில் ஜனாதிபதி ஆன பிறகும் அவர் அதை மறக்கவில்லை.

மியூருக்கு வயது 65. ஸ்காட்லாந்தில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது தந்தையுடன் அமெரிக்கா வந்தார். வாலிபத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தபோது கண்ணில் அரம் குத்திவிட்டது. இரண்டு கண்களும் மங்கின. இருட்டறையில் வாரக் கணக்கில் கிடந்தார். பார்வை திரும்பியதும், இனி உலகத்தின் அழகைப் பார்ப்பதே வேலை என்று முடிவு கட்டினார்.

1868-ல் கலிபோர்னியா வந்தார். அடுத்த ஆண்டு கோடையில் ஆடு மேய்ப்பவர்களுடன் மலைக்குப் போனார். 2,000 ஆடுகளுக்கு மேல் இருந்த பெரிய மந்தை அது. மந்தை போன இடமெல்லாம் புல்லும் பூவும் அழிந்ததைக் கண்ணால் கண்டார். மலை ஆடுகளை வெட்டுக்கிளிக் கூட்டத்துக்கு ஒப்பிட்டுப் பிற்காலத்தில் எழுதினார்.

அன்று முதல் அவர் காட்டின் வக்கீல். பத்திரிகைகளில் கட்டுரை எழுதினார். 1892-ல் சியரா கிளப் என்ற சங்கம் தொடங்க முன் நின்றார். அதன் முதல் தலைவரும் அவரே.

காட்டுக்கு வந்த ஆபத்து

யோசெமிட்டி என்பது சியரா நெவாடா மலைத்தொடரில் உள்ள பள்ளத்தாக்கு. இரு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர்கள். அவற்றின் மேலிருந்து அருவிகள் கொட்டுகின்றன. யோசெமிட்டி அருவியின் மொத்த உயரம் 2,425 அடி.

அங்கே பல தலைமுறையாக வாழ்ந்தவர்கள் அவானீச்சி என்ற பழங்குடி மக்கள். தங்கம் தேடி வந்தவர்கள் கலிபோர்னியாவில் குவிந்தபோது சண்டை மூண்டது. 1851-ல் ஆயுதப்படை ஒன்று பள்ளத்தாக்கில் புகுந்து அந்த மக்களை விரட்டியது. பின்னால் வந்த பூங்காவின் பெருமையைப் பேசும்போது இந்தக் கொடுமையையும் மறக்கக் கூடாது.

1864-ல் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். பள்ளத்தாக்கும், அதற்குத் தெற்கே உள்ள மாரிபோசா ராட்சத மரத்தோப்பும் பொது மக்களுக்கென்று கலிபோர்னியா மாநிலத்திடம் ஒப்படைக்கப்பட்டன. 1890-ல் அவற்றைச் சுற்றியுள்ள பெரிய மலைப்பகுதி தேசியப் பூங்கா ஆயிற்று.

இதில்தான் சிக்கல். சுற்றிலும் உள்ள காடு மத்திய சர்க்காருக்கு. நடுவில் உள்ள பள்ளத்தாக்கு மாநில சர்க்காருக்கு. ஒரே வீட்டுக்கு இரண்டு எஜமானர்கள்!

பள்ளத்தாக்கின் தரையை உழுது வைக்கோலுக்குப் பயிர் செய்தார்கள். வேலி போட்டார்கள். மாடுகளும் குதிரைகளும் மேய்ந்தன. மரங்கள் வெட்டப்பட்டன. இதைத் தடுக்க வேண்டும், பள்ளத்தாக்கும் தேசியப் பூங்காவில் சேர வேண்டும் என்பதுதான் மியூரின் கோரிக்கை.

சிப்பாய்கள் செய்த தந்திரம்

தேசியப் பூங்காவாக இருந்த மலைக்காட்டுக்கு 1891 முதல் குதிரைப்படை வீரர்கள் காவல் இருந்தார்கள். திருட்டுத்தனமாக ஆடு மேய்ப்பவர்களைப் பிடிப்பது அவர்கள் வேலை. பிடித்தால் என்ன? தண்டனை கொடுக்கச் சட்டத்தில் வழி இல்லை.

சிப்பாய்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஆடு மேய்ப்பவனைப் பூங்காவின் ஒரு கோடிக்குக் கொண்டுபோய் வெளியே விட்டார்கள். ஆடுகளை மறு கோடிக்கு ஓட்டிப்போய் வெளியே விட்டார்கள்!

நடுவே மலையோ மலை. அவன் சுற்றி வந்து ஆடுகளைத் தேடிப் பிடிப்பதற்குள் பாதி மந்தை சிதறிப் போயிருக்கும். மறு வருஷம் அந்தப் பக்கம் தலைகாட்ட யோசிப்பான்.

முதல் இரவு

மே மாதம் 15-ந் தேதி. ரூஸ்வெல்ட் ரெயிலில் ரேமண்ட் என்ற ஊருக்கு வந்து இறங்கினார். அங்கிருந்து குதிரைகள் பூட்டிய கோச்சு வண்டியில் மாரிபோசா தோப்புக்குப் போனார். மாநில கவர்னர், பல்கலைக்கழகத் தலைவர், டாக்டர், காரியதரிசி என்று ஒரு பரிவாரமே கூட வந்தது. குதிரைப்படை வீரர்களும் வந்தார்கள்.

அந்தத் தோப்பில் உள்ளவை செக்கோயா என்ற ராட்சத மரங்கள். அவற்றில் ஒன்றுக்கு ‘கிரிஸ்லி ஜயண்ட்’ என்று பெயர். உயரம் 200 அடிக்கு மேல். தென்னை மரங்கள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் அந்த உயரம் வரும். வயது சுமார் 3,000 ஆண்டு!

மரத்தடியில் எல்லாரும் நின்று போட்டோ எடுத்துக் கொண்டார்கள். பிறகு ஜனாதிபதி பரிவாரத்தை அனுப்பிவிட்டார். சிப்பாய்களையும் அனுப்பிவிட்டார்.

மிஞ்சியவர்கள் ஜனாதிபதி, மியூர், சார்லி லைடிக், ஆர்ச்சி லெனர்டு என்ற இரண்டு வனக்காவலர்கள், பொதி மிருகங்களைக் கவனிக்க ஓர் ஆள். இவ்வளவுதான்!

லைடிக் அந்தப் பள்ளத்தாக்கிலேயே பிறந்தவர். சமையலும் அவர்தான். கோழி வறுத்தார். மாட்டிறைச்சி சுட்டார். கட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார். கம்பளிகளைக் குவித்துப் படுக்கை போட்டார்கள். ஜனாதிபதிக்கு 40 கம்பளி இருந்ததாக லைடிக் பிற்காலத்தில் சொன்னார்.

மனிதக் கையால் கட்டப்படாத கோயிலில் படுத்தது போல இருந்தது என்று ரூஸ்வெல்ட் சில நாள் கழித்து ஒரு கூட்டத்தில் சொன்னார். பெரிய தூண்கள் போல மரங்கள். மாலையில் பாடிய பறவைகளின் குரல் அவரை மயக்கியது. மியூருக்கோ பறவையின் பாட்டில் அவ்வளவு கவனம் இல்லை. அவர் கண் மரத்திலும் பாறையிலும் இருந்தது. ரூஸ்வெல்ட்டுக்கு அது பெரிய ஆச்சரியம்.

இருவரும் வாயாடிகள். இரண்டு பேருமே பேச ஆசைப்பட்டதால் யார் கேட்பது என்பதுதான் முகாமில் கஷ்டமாக இருந்தது என்று லைடிக் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார்.

கோவேறு கழுதையின் முதுகில்

ஜனாதிபதியின் பயணத்துக்கு வேண்டிய கூடாரம், படுக்கை, மூன்று நாள் ஆகாரம் எல்லாவற்றையும் சுமந்தவை இரண்டே இரண்டு கோவேறு கழுதைகள். ரூஸ்வெல்ட் தம் சுயசரிதையில் இதைச் சொல்லியிருக்கிறார்.

கழுதைக்கும் பெட்டைக் குதிரைக்கும் பிறப்பது கோவேறு கழுதை. குதிரையைப் போல வலுவும், கழுதையைப் போல நிதானமும் அதற்கு உண்டு. குறுகலான மலைப்பாதையில் அடி பார்த்து வைக்கும். அதனால்தான் சியரா மலைகளில் மனிதர் ஏறக் குதிரையும், மூட்டை ஏற்றக் கோவேறு கழுதையும் வைத்துக் கொள்கிறார்கள்.

அதன் மேல் மூட்டை ஏற்றுவது ஒரு தனி வித்தை. முதுகின் இரு பக்கமும் ஒவ்வொரு பை தொங்கும். இரண்டும் ஒரே எடை இருக்க வேண்டும். ஒரு பக்கம் கனத்தால் சேணம் சரியும். சேணம் சரிந்தால் முதுகு உராய்ந்து புண்ணாகும். புண்ணானால் அந்த மிருகம் பல நாளைக்கு உதவாது. கை தேர்ந்தவர்கள் தராசு வைத்து எடை பார்த்தே கட்டுகிறார்கள். ஒரு கோவேறு கழுதைக்கு சுமார் 70 கிலோ சுமை சரியானது.

கோவேறு கழுதைகளுக்கு ஒரு விசித்திர குணம். பெட்டைக் குதிரை என்றால் அதன் பின்னாலேயே போகும். அதனால் கூட்டத்தில் ஒரு பெட்டைக் குதிரையின் கழுத்தில் மணி கட்டி விடுவார்கள். மணிச்சத்தம் கேட்கிற இடத்தை விட்டு மற்றவை விலகாது. விடியற்காலையில் மிருகங்கள் எங்கே என்று தேடுகிறவருக்கும் அந்த மணியே வழிகாட்டி.

முகாம் போட்டதும் முதல் கவனிப்பு மிருகங்களுக்கு. சேணத்தை இறக்க வேண்டும். வேர்த்த முதுகைத் துடைத்துத் தேய்க்க வேண்டும். தண்ணீர் காட்ட வேண்டும். தீனி வைக்க வேண்டும். ஒரு குதிரை நாளொன்றுக்கு இரண்டு மூன்று குடம் தண்ணீர் குடிக்கும். 8 முதல் 10 கிலோ வைக்கோல் தின்னும். இவ்வளவும் ஆன பிறகுதான் மனிதனுக்கு அடுப்பு மூட்டலாம். ஜனாதிபதியானாலும் இந்த வரிசை மாறாது.

பனியில் சிக்கினார் ஜனாதிபதி

மே 16-ந் தேதி காலை ஆறரை மணிக்கெல்லாம் குதிரை ஏறிவிட்டார்கள். பரிவாரத்தார் தங்கியிருந்த ஊர்ப்பக்கம் போகவே இல்லை. மலைப்பாதையில் வடக்கே திரும்பினார்கள்.

மேலே போகப் போகப் பனி. சில இடங்களில் 5 அடி ஆழம்! பனி கொட்டிக் கொண்டே இருந்தது, காற்றும் வீசியது. ஓரிடத்தில் ஜனாதிபதி பனியில் புதைந்து சிக்கிக் கொண்டார். லைடிக் ஒரு மரக்கட்டையைக் கொண்டு வந்து போட்டு அவரை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

வேறொருவராக இருந்தால் கோபம் வந்திருக்கும். ரூஸ்வெல்ட்டுக்கோ ஒரே குதூகலம்.

அன்றிரவு முகாம் கிளேசியர் முனைக்கு அருகில். அந்த முனை கடல் மட்டத்துக்கு 7,200 அடி உயரத்தில் உள்ளது. அங்கே நின்று எட்டிப் பார்த்தால் 3,200 அடி கீழே பள்ளத்தாக்கு தெரியும்.

பெரிய ஊசியிலை மரங்களின் கீழே நெருப்பு மூட்டினார்கள். மியூர் தமக்குப் பிடித்த விஷயத்தைத் தொடங்கினார். இந்தப் பள்ளத்தாக்கை யார் குடைந்தது? ஒரு காலத்தில் இங்கே ஊர்ந்து சென்ற பனிப்பாறைகளே இந்த மலைகளைச் செதுக்கின என்பது அவர் ஆராய்ந்து கண்ட முடிவு. பெரிய நிபுணர்கள் முதலில் அவரைக் கேலி செய்தார்கள். ஆனால் பனிப்பாறைகள் செய்த வேலை மெய் என்பது பின்னால் நிலைநாட்டப்பட்டது.

வேட்டையைப் பற்றியும் பேச்சு வந்தது. ஜனாதிபதி பெயர் போன வேட்டைக்காரர். மிருகங்களைக் கொல்லும் இந்தச் சிறுபிள்ளை விளையாட்டை எப்போது விடப் போகிறீர்கள் என்று மியூர் கேட்டாராம். மியூரின் நண்பரான ஒரு பத்திரிகாசிரியர் இதை எழுதி வைத்திருக்கிறார். ஒரு நாட்டின் தலைவரிடம் இப்படிக் கேட்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அதைப் பொறுமையாகக் கேட்டுக் கொள்ளவும் பெருந்தன்மை வேண்டும். ஆனால் ரூஸ்வெல்ட் வேட்டையை விடவில்லை. 1909-ல் ஆப்பிரிக்காவுக்கே வேட்டைக்குப் போனார்.

விடிந்து பார்த்தால் கம்பளிகளின் மேல் 5 அங்குலம் புதுப்பனி மூடியிருந்தது!

காலையில் கிளேசியர் முனையின் பாறைமேல் இருவரும் நின்றார்கள். பின்னால் யோசெமிட்டி அருவி. அப்போது எடுத்த போட்டோ உலகப் பிரசித்தம்.

நுனிக்காலில் போன கூட்டம்

மூன்றாம் நாள் பள்ளத்தாக்கில் இறங்கினார்கள். அங்கேதான் விருந்தும் வாண வேடிக்கையும் காத்திருந்தன. ஜனாதிபதி அவற்றைத் தட்டிக் கழித்துவிட்டுக் குதிரையில் போனதை முன்பே பார்த்தோம்.

அவர் போனது பிரைடல்வேல் அருவிக்கு எதிரே உள்ள புல்வெளிக்கு. ஜனங்கள் அங்கேயும் பின்தொடர்ந்து வந்துவிட்டார்கள். நூற்றுக்கணக்கான பேர். களைப்பாக இருக்கிறது, இவர்களைப் போகச் சொல்லுங்கள் என்று ஜனாதிபதி லைடிக்கிடம் கேட்டுக் கொண்டார். லைடிக் சொன்னதும் ஜனங்கள் சத்தம் போடாமல் நுனிக்காலில் நடந்து போய்விட்டார்களாம்.

விருந்து வைத்தவர்களுக்கு வருத்தம்தான். பள்ளத்தாக்கை நிர்வகித்த மாநில அதிகாரிகளும் ஜனாதிபதியிடம் தங்கள் பக்கத்தைச் சொல்ல ஆசைப்பட்டிருப்பார்கள். ஆனால் மூன்று இரவும் ஜனாதிபதியின் பக்கத்தில் இருந்தவர் மியூர் ஒருவர்தான்.

மே 18-ந் தேதி ரூஸ்வெல்ட் கோச்சு வண்டியில் திரும்பிப் போனார். மறுநாள் சேக்ரமெண்டோ நகரில் பேசினார். காடுகளை ஒரு தலைமுறை மட்டும் தின்று தீர்த்துவிடக் கூடாது, வரப் போகும் தலைமுறைகளுக்கும் அவை வேண்டும் என்று வற்புறுத்தினார்.

ஒரு கையெழுத்து

1905-ல் கலிபோர்னியா சட்டசபை பள்ளத்தாக்கையும் ராட்சத மரத்தோப்பையும் மத்திய சர்க்காரிடம் திருப்பிக் கொடுக்கத் தீர்மானித்தது. 1906-ம் ஆண்டு ஜூன் 11-ந் தேதி ரூஸ்வெல்ட் அதை ஏற்றுக் கையெழுத்திட்டார். யோசெமிட்டி ஒரே பூங்கா ஆயிற்று.

முகாம் நெருப்பு ஒன்றே இதைச் செய்துவிட்டது என்று சொல்ல முடியாது. சியரா கிளப்பின் உழைப்பு உண்டு. சட்டசபையில் ஆதரவு திரட்டியவர்கள் உண்டு. ரெயில்வே முதலாளி ஹாரிமனின் உதவியும் உண்டு. ஆனால் ஜனாதிபதி அந்தக் காட்டை வெறும் காகிதத்தில் பார்க்கவில்லை. அதன் பனியில் படுத்து எழுந்தவர். கையெழுத்துப் போடும்போது அவருக்கு அது தெரிந்த இடம்.

ரூஸ்வெல்ட் பதவியிலிருந்த காலத்தில் 5 தேசியப் பூங்காக்கள், 18 தேசிய நினைவிடங்கள், 51 பறவைச் சரணாலயங்கள் ஏற்பட்டன. மொத்தம் ஏறக்குறைய 23 கோடி ஏக்கர் நிலம் பாதுகாப்புக்குள் வந்தது.

மியூர் தள்ளிப் போட்ட பயணத்தைத் தொடர்ந்தார். ரஷ்யா, சைபீரியா எல்லாம் சுற்றி இந்தியாவுக்கும் வந்தார். இமயமலையைக் கண்டு மகிழ்ந்தார்.

ஆனால் கடைசிக் காலத்தில் அவருக்கு ஒரு பெரிய தோல்வி. யோசெமிட்டி பூங்காவிலேயே உள்ள ஹெட்ச் ஹெட்ச்சி என்ற மற்றொரு பள்ளத்தாக்கில் சான் பிரான்சிஸ்கோ நகரின் குடிநீருக்காக அணை கட்ட 1913-ல் சட்டம் நிறைவேறியது. மியூர் பல ஆண்டு போராடியும் தடுக்க முடியவில்லை. 1914-ம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி அவர் காலமானார்.

குதிரைக்கும் சட்டம்

இன்று யோசெமிட்டியைப் பார்க்க ஆண்டுக்கு ஏறக்குறைய 40 லட்சம் பேர் வருகிறார்கள். பெரும்பாலோர் மோட்டாரில் வருகிறார்கள். ஆனால் சொந்தக் குதிரையோடு வந்து கூடாரம் அடிக்கிறவர்கள் இன்றும் உண்டு. அவர்களுக்கென்று தனி முகாம் இடங்களும் இருக்கின்றன. அவற்றில் ஒன்று, ஜனாதிபதி பனியில் சிக்கிய வட்டாரத்திலே ஓடும் பிரைடல்வேல் ஓடைக்கு அருகில் உள்ளது.

ஆனால் ஒன்று. ரூஸ்வெல்ட் தங்கியது போல இன்று யாரும் தங்க முடியாது.

ஏன்? குதிரை 450 கிலோ எடையுள்ள மிருகம். லாடம் அடித்த அதன் குளம்பு ஈரப் புல்வெளியில் பதிந்தால் குழி விழும். நூறு குதிரை நடந்தால் புல்லின் வேர் அறும். தண்ணீர் அரித்துக் கொண்டு போகும். ஆடு செய்த அழிவைக் குதிரையும் செய்யும். செய்கிற காலம்தான் கொஞ்சம் கூடும். மலை உச்சிப் புல்வெளிகள் பனி உருகிய சில மாதங்கள் மட்டுமே வளர்கின்றன. ஒரு முறை கெட்டால் தேற நெடுநாள் ஆகும்.

அதனால் குதிரைக்காரர்களுக்கு விதிகள் வந்துள்ளன. அருகிலுள்ள செக்கோயா – கிங்ஸ் கேனியன் பூங்காக்களில், ஈரம் காய்ந்த பிறகே புல்வெளிகளில் மேயவிட அனுமதி. ஒவ்வொரு புல்வெளிக்கும் திறக்கும் தேதி உண்டு.

குதிரையை மரத்தில் நேராகக் கட்டக் கூடாது. கட்டினால் பட்டையைக் கடிக்கும். நின்ற இடத்தில் காலால் கிளறி வேரைக் காயப்படுத்தும். இரண்டு மரங்களுக்கு அகலப் பட்டை சுற்றி, இடையே உயரத்தில் கயிறு கட்டி, அந்தக் கயிற்றில்தான் குதிரையைக் கட்ட வேண்டும். மேய விடும்போது முன்னங்கால்களுக்குத் தளை போடுகிறார்கள். ஓடைக்கு அருகே கட்டி வைக்கக் கூடாது. சாணமும் மூத்திரமும் தண்ணீரில் கலந்துவிடும்.

வைக்கோலிலும் கட்டுப்பாடு. சாதாரண வைக்கோலில் களை விதைகள் இருக்கும். குதிரை தின்றாலும் விதை சாகாது. சாணத்தோடு விழுந்து முளைக்கும். வேறு தேசத்துக் களை மலையில் பரவினால் அங்குள்ள பூக்கள் அழியும். ஆகவே களை விதை இல்லாத தீனியைத்தான் கொண்டு வர வேண்டும். மலை ஏறுவதற்குச் சில நாள் முன்பிருந்தே குதிரைக்குச் சுத்தமான தீனி கொடுப்பது நல்லது.

கரடித் தொல்லையும் உண்டு. ஆகாரத்தை இரும்புப் பெட்டியில் பூட்ட வேண்டும். மனிதச் சாப்பாட்டில் ருசி கண்ட கரடி மனிதனைத் தேடி வரும். கடைசியில் உயிரை இழப்பது கரடிதான்.

மியூர் வைத்த தீ

அந்த முகாமில் நடந்த ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். காய்ந்து நின்ற ஒரு பைன் மரத்துக்கு மியூர் தீ வைத்தார். மரம் பெரிய தீப்பந்தம் போல எரிந்தது. ஜனாதிபதி கை கொட்டி ஆரவாரம் செய்தாராம்.

காட்டின் வக்கீலே அப்படிச் செய்தார்! அப்போது காட்டில் மனிதர்கள் சொற்பம். ஒரு மரம் எரிந்தால் பெரிதில்லை என்று நினைத்தார்கள். இன்று ஒருவர் அதைச் செய்தால் கைதாவார். காய்ந்த மரமும் பொந்துகளில் பறவைக்கும் அணிலுக்கும் வீடு என்பது இப்போது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஒரு பொறியால் ஆயிரக்கணக்கான ஏக்கர் சாம்பலாவதையும் கலிபோர்னியா மக்கள் அடிக்கடி பார்த்து வருகிறார்கள்.

மியூரும் ரூஸ்வெல்ட்டும் காட்டைக் காக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். எப்படிக் காக்க வேண்டும் என்பதைப் பின்னால் வந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக் கொள்கிறார்கள்.

மாரிபோசா தோப்பிலும் அந்தப் பாடம் நடந்தது. வண்டி போவதற்காக 1881-ல் ஓர் உயிர் மரத்தின் அடியைக் குடைந்து வழி செய்திருந்தார்கள். ரூஸ்வெல்ட்டின் கோச்சு வண்டியும் அதற்குள் நுழைந்து போயிற்று. 1969-ல் அந்த மரம் பனியின் பாரம் தாங்காமல் விழுந்து கிடந்தது. 2015 முதல் 2018 வரை தோப்பை மூடி வைத்து வேர்களின் மேல் இருந்த தார் ரோட்டைப் பெயர்த்து எடுத்தார்கள்.

கிரிஸ்லி ஜயண்ட் இன்னும் நிற்கிறது. 1903-ல் அதன் அருகே கம்பளி விரித்தவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களைச் சுமந்த குதிரைகளும் போய்விட்டன.

இன்று சியரா மலையில் குதிரையோடு தங்குகிற குடும்பம் புறப்படும் காலையில் ஒரு வேலை செய்கிறது. கீழே சிந்திய வைக்கோலைப் பொறுக்குகிறது. குதிரை கிளறிய மண்ணை நிரவிச் சமன் செய்கிறது. சாணத்தைக் கலைத்துத் தூவுகிறது. அடுப்புச் சாம்பலில் தண்ணீர் ஊற்றி, கையால் தொட்டுப் பார்க்கிறது. சூடு இல்லை என்று தெரிந்த பிறகுதான் பெரியவர் குதிரை ஏறுகிறார்.

அடுத்த வாரம் அங்கே வேறொரு குடும்பம் வரும். அதற்குள் புல் நிமிர்ந்துவிட வேண்டும்.